முனியனின் முகத்தில் நடேசன் பூசிய நீலம்

சிரம்பான் ஆஸ்பத்திரியில் நடேசன் இறந்துவிட்டார் என்ற செய்தியை, தோட்டத்துக் கம்பிவேலி வாசலில் சோதனைக்கு நின்ற அரிசி லோரியின் ஓட்டுநர்தான் எனக்குச் சொன்னார். அதற்குள் ரஹாங் மயானத்தில் தகனமும் முடிந்திருந்தது.

உங்களில் பலர் அவரைக் கடைப்பலகை எழுதுபவராகவே அறிவீர்கள். அதற்கு முன் இந்த ரெம்பாவ் பக்க ரப்பர் தோட்டத்து ஆபீசில் அவர் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர்; நான் சின்னக் கிராணி. ஒரே வீட்டில் தங்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரைவார்.

மலாயாவில் அவசரகாலம் கடுமையாக இருந்த சமயம்; காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளும் அவர்களைத் தேடும் பட்டாளமும். காட்டோர மரநிரையில் பால் வெட்டப் போன முனியன் ஒரு காலை சுடப்பட்டுக் கிடந்தான். சுட்டது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. காரியம் முடிந்ததும் அவன் மனைவி லெட்சுமி அடையாள அட்டைப் படத்தோடு வந்தாள்.

“பெருசா வரைஞ்சு குடுங்க கிராணி ஐயா. செவப்புச் சட்ட போட்டு, சிரிச்சாப்ல.”

நடேசன் வேறு முகம் வரைந்தார். விடியுமுன் ரப்பர் மரங்களுக்கிடையே தெரியும் சாம்பல் நீலத்தைக் கன்னங்களில் பூசினார். கண்ணுக்குக் கீழே மட்டும் மெல்லிய மஞ்சள். ஏன் என்று கேட்டேன்.

“துக்கத்துக்குக் கறுப்பு பூசுறது சுலபம் தம்பி. பயந்து நிக்கிறவன் மொகத்துல கொஞ்சம் வெளிச்சமும் இருக்கும். யாராச்சும் கேப்பாங்கன்னு நம்பித்தானே நிக்கிறான்.”

படத்தைப் பார்த்த லெட்சுமி, “இது எங்க வீட்டுக்காரரு இல்லைங்க” என்றாள்.

“நான் கடைசியா பார்த்த மொகம் இதான்மா. மொத நாள் சாயங்காலம் ஆபீசுக்கு வந்து, காட்டோரம் பயமா இருக்கு, வேற நெரை குடுங்கன்னான். அப்புறம் பாக்கலாம்னு அனுப்பிட்டேன்.”

அவள் அழவில்லை. “அப்ப இத நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு வேற வரைஞ்சு குடுங்க.”

சிவப்புச் சட்டையோடு சிரிக்கும் முனியனை வரைந்து கொடுத்தார். முதல் படம் அவர் கட்டிலுக்கு எதிரே தொங்கியது. அடுத்த மாதமே, காட்டோரத்துக்கு யாரையும் தனியாக அனுப்ப மாட்டேன் என்று துரையிடம் சொல்லி வேலையை இழந்தார்.

அந்தச் சாயங்காலம் பக்கத்து மேசையில் நானும் இருந்தேன். முனியன் முதலில் கேட்டது என்னிடம்தான். நான் தலை நிமிராமல் நடேசனைக் கைகாட்டினேன். லெட்சுமியிடம் அவர் என் பெயரைச் சொல்லவேயில்லை. பிறகு என்னிடம்கூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மௌனம்தான்.

அதைச் சுமக்க முடியாமல் நேற்று லெட்சுமியின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

“தெரியுங்க. எங்க வீட்டுக்காரரு அன்னிக்கே வந்து சொன்னாரு.”