சிவப்பு மண்டலம்

புதுச்சேரியில், பிரெஞ்சுக் காகிதங்களைத் தமிழாக்கித் தரும் கடையில் நகல் எடுக்க நிற்கிறேன். எனக்கு முன்னால் குருசுக்குப்பத்திலிருந்து வந்திருக்கும் செலின் அம்மா. ரெயூனியன் தீவில் கொத்தனார் வேலை பார்க்கும் அவர் மகன், அங்கே வாங்கப்போகும் வீடு இருக்கும் இடத்தின் வரைபடத்தை அனுப்பியிருக்கிறான். அவனுக்கும் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. நாளைக்குக் கையெழுத்து.

கடைக்காரர் தமிழாக்கத்தை நீட்டுகிறார். "ஸோன் ரூழ்னு போட்டிருக்கும்மா. செவப்பு மண்டலம், அதாவது செம்மண் பூமி. நம்ம காலாப்பட்டு பக்கம் மாதிரி, எத வச்சாலும் வரும்."

செலின் அம்மாவின் முகம் மலர்கிறது. வரைபடத்தை எட்டிப் பார்த்த எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மலை உச்சியிலிருந்து கடல்வரை ஒரு சிவப்புப் பட்டை இறங்குகிறது. வீடு அதன் நடுவில். ஓரத்தில் பொடி எழுத்தில் 'லாவ்', அதாவது எரிமலைக் குழம்பு, என்று இருப்பதைப் படிக்க என் அரைகுறை பிரெஞ்சே போதும்.

"அது எரிமலைங்க. வெடிச்சா நெருப்புக் குழம்பு ஓடி வர்ற வழியத்தான் செவப்புல காட்டியிருக்காங்க."

"அங்க நெறைய வீடு இருக்கு சார்," என்கிறார் கடைக்காரர், நிமிராமலே.

"வீடு இருந்தா மழத்தண்ணி பள்ளத்த விட்டுட்டு மேட்டுல ஓடுமா? குழம்பும் அப்படித்தான்."

"சீல் போட்டாச்சு. இனிமே மாத்த முடியாது."

செலின் அம்மா காகிதத்தைக் கடைக்காரரின் மேசையிலேயே திரும்ப வைக்கிறார். குரல் உயரவில்லை.

"அப்ப நீயே அந்த மலைகிட்டப் போயி, சீல் போட்டாச்சு, இந்தப் பக்கம் வராதேன்னு சொல்லிட்டு வா. அதுவரைக்கும் எம்புள்ள கையெழுத்துப் போட மாட்டான்."