எங்கள் செட்டில் டம்மி யார்?

"உங்க செட்டுல டம்மி எத்தினி பேரு?"

மண்ணாடிப்பட்டுப் பக்கம் ஒரு ஊரில் அம்மன் கோயில் செடல் திருவிழாவுக்குப் பேண்டு வாசிக்க ஆர்டர் பேசப் போனபோது கமிட்டித் தலைவர் கேட்ட முதல் கேள்வி இது. உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டார். எங்கள் மாஸ்டர் சிரித்து மழுப்பப் பார்த்தார். தலைவர் சிரிக்கவில்லை. போன திருவிழாவுக்கு வந்த வேறொரு செட்டில் பாதிப் பேர் ஊதாமல் வாத்தியத்தைச் சும்மா கையில் பிடித்துக்கொண்டு நின்றதை யாரோ செல்போனில் எடுத்துப் பரப்பிவிட்டார்களாம். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் சிரித்ததாம்.

"இந்த வாட்டி சாமி பொறப்படறதுக்கு முன்னால வரிசை வரிசையா நிக்க வச்சி வாசிக்கச் சொல்லுவேன். ஒருத்தன் டம்மின்னு தெரிஞ்சாலும் வண்டியத் திருப்பிக்கினு போய்டணும். அப்புறம் இந்தப் பக்கம் எந்த ஊர்லயும் உங்களுக்கு ஆர்டர் கெடயாது, பாத்துக்க."

மாஸ்டர் தலையாட்டினார். ஆட்டும்போது அவர் கண் ஒரு தரம் என் பக்கம் வந்து, உடனே விலகிக்கொண்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் வில்லியனூரில் ஒரு பேண்டு செட்டில் முதல் கிளாரினெட் வாசித்தவன். கல்யாணம், சாவு, சாமி ஊர்வலம், மாதா கோயில் தேர் என்று எல்லாவற்றுக்கும் வாசித்திருக்கிறேன். புதிதாகச் சேர வருகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். எந்த வாத்தியம் கற்றுக்கொள்ள ரொம்பக் கஷ்டம்? கேட்டுவிட்டுப் போனில் பார்த்த பட்டியலையும் அவர்களே சொல்வார்கள். பிறகு என்னிடம் எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. எது சுலபமோ அதை எடுத்துக்கொண்டு தப்பிக்கத்தான் என்று நினைக்கிறேன்.

கஷ்டம் என்றால்

டிராம்போனில் அழுத்த ஒன்றும் கிடையாது. குழாயை இழுத்து எங்கே நிறுத்துவது என்று காதுதான் சொல்ல வேண்டும். ஒரு விரல்கடை தள்ளி நின்றால் சுருதி போச்சு. ஊர்வலத்தில் முன்னால் போகிறவன் முதுகில் இடிக்காமலும் இழுக்க வேண்டும். டிரம்பெட்டில் பட்டன் மூன்றுதான், பாக்கி எல்லாம் உதடு. முகூர்த்த நாட்கள் அடுத்தடுத்து வந்தால் டிரம்பெட்காரன் உதட்டைப் பார்க்கச் சகிக்காது. சைடு டிரம் பார்க்கச் சுலபம். ஒழுங்காக ஒரு ரோல் உருட்டச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் காணாமல் போய்விடுவார்கள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கிளாரினெட் என்றுதான் நான் சொல்லி வந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. துளைகளை மயிரிழை சந்து இல்லாமல் மூட வேண்டும். மொத்தக் கனமும் வலது கட்டைவிரலில் உட்காரும். வெயிலில் ரீடு காய்ந்தால் கீச்சென்று கத்தி மானத்தை வாங்கிவிடும். ரீடு என்பது மவுத்பீஸில் கட்டுகிற நாணல் சீவல். அதற்கு மேல் பல் வேண்டும். மவுத்பீஸ் மேல் முன்பல்லில்தான் உட்காரும். பல் போனால் கிளாரினெட் போச்சு.

என் மேல் முன்பல் ஆட ஆரம்பித்து மாசக்கணக்காகியிருந்தது. வீட்டில்கூடச் சொல்லவில்லை. டாக்டரிடம் போனால் பிடுங்கிவிடுவார், மாஸ்டரிடம் சொன்னால் என்னையே பிடுங்கிவிடுவார் என்று பயம். எனக்கு அந்த முதல் கிளாரினெட் இடத்தைத் தவிர உலகத்தில் வேறு பெருமை கிடையாது. அதைக் காப்பாற்றிக்கொள்ள எந்தச் சோற்றையும் இடது பக்கமாகவே மென்றேன்.

புது ஆள்

இந்த நேரத்தில்தான் மாஸ்டர் பெலிக்ஸைக் கொண்டுவந்து என் பக்கத்தில் நிறுத்தினார். முப்பது வயசு ஆள். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. எங்கே கற்றான், யாரிடம் கற்றான் என்று கேட்டதற்கு, "அங்க இங்க தான் அண்ணே" என்றான். அங்க இங்க என்று ஒரு வாத்தியாரை நான் கேள்விப்பட்டதில்லை.

டம்மி எங்கள் தொழிலில் புதிதல்ல. கூப்பிடுகிற பார்ட்டி தலையை எண்ணித்தான் ஆர்டர் கொடுக்கும். பன்னிரண்டு பேர் என்று பேசிவிட்டு ஆள் குறைந்தால், யாராவது ஒருவனுக்குப் பேண்டு கோட்டை மாட்டி, பெரிய பித்தளை வாத்தியமாகப் பார்த்து ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவார்கள். உள்ளே துணி அடைத்திருக்கும். அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு நடந்தால் போதும். ஆனால் கிளாரினெட்டில் டம்மி நிற்பது லேசில்லை. விரல் வெளியே தெரியும். பெலிக்ஸின் விரல்கள் சரியாகவே ஓடின. ஆனால் அவன் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. என் தோள் இடிக்கிற தூரத்தில் நின்றவன். ஒரு ஆர்டர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். என் சத்தம்தான் கேட்டது.

இவன் விரல் படித்த டம்மி, என் இடத்துக்கு அடிபோடத்தான் வந்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன். டம்மி எப்படி முதல் கிளாரினெட் ஆவான் என்று நீங்கள் கேட்கலாம். சந்தேகப் பிராணிக்கு அந்தக் கேள்வியெல்லாம் வராது.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "மாஸ்டர், அவன் சத்தம் ஒண்ணுகூட கேக்கல. டம்மி."

"உனக்குக் கேக்கலன்னா அவன் சரியா வாசிக்கறான்னு அர்த்தம். போய் வேலையப் பாருப்பா" என்றார்.

இதைவிட மழுப்பலாக ஒரு மனுஷன் பதில் சொல்ல முடியுமா? இரண்டு பேரும் கூட்டு என்று புரிந்துகொண்டேன்.

மாங்காய்

ஒரு டீ நிறுத்தத்தில் பெலிக்ஸ் போன் பேச ஒதுங்கியபோது அவன் ரீடைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. வாயில் வைத்துக்கொண்டு சும்மா நின்றாலும் ஈரமாகத்தான் இருக்கும். அதனால் அந்தச் சோதனையை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அடுத்தது பாகூரில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. ஊதுகிறவன் எதிரே புளிப்பைத் தின்றால் அவன் வாயில் எச்சில் ஊறும், ரீடு நனைந்து கீச்சிடும். இது எல்லா ஊதுகாரனுக்கும் தெரியும். சிம்பல்ஸ்காரரிடம் உப்பு மிளகாய்த்தூள் தடவிய மாங்காய்ப் பத்தை வாங்கிக் கொடுத்து, பெலிக்ஸுக்கு எதிரே நின்று சப்புக்கொட்டித் தின்னச் சொன்னேன். மனுஷன் சொன்னதற்கு மேலேயே செய்தார்.

கீச்சென்று ஒரு சத்தம் வந்தது. என் கிளாரினெட்டிலிருந்துதான். மாஸ்டர் திரும்பி முறைத்தார். பெலிக்ஸ் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிக்கொண்டிருந்தான், ஒரு பிசிறு இல்லை. நிஜமாக ஊதுகிறவன் என்றால் கீச்சிட்டிருக்க வேண்டும். கீச்சிடவில்லை, ஆகவே டம்மி. எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இன்னொரு விஷயமும் சந்தோஷம். அந்த சீசனில் என் வாசிப்பை எல்லோரும் பாராட்டினார்கள். பல் வலியில் கடியைத் தளர்த்தும்போதுகூடச் சத்தம் மெலியவில்லை. அனுபவம் என்றால் இதுதான் என்று எண்ணிக்கொண்டேன்.

செடல் நாள்

திருவிழா அன்று தலைவர் சொன்னபடியே செய்தார். கோயில் எதிரே எங்களை நிற்க வைத்தார். சுற்றி ஊரே நின்றது. போனை எடுத்து நீட்டிக்கொண்டு இளவட்டங்கள் தயார். முதலில் டிரம்பெட். சரி. பிறகு பெரிய பித்தளைகள். ஒவ்வொன்றின் வாயிலும் தலைவர் கையை விட்டுத் துணி இருக்கிறதா என்று துழாவினார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. என்னை மாதிரியே ஒரு ஆள்.

"குழல்காரங்க வா" என்றார்.

பெலிக்ஸ் இன்றைக்கு மாட்டினான் என்று நினைத்தபடி நான் முன்னால் போனேன். அம்மன் பாட்டு ஒன்று எடுத்தோம். முதல் அடி நன்றாகப் போயிற்று. இரண்டாவது அடியில் மேலே ஏறும்போது மவுத்பீஸ் என் பல்லை உள்பக்கமாகத் தள்ளிவிட்டது. சுருக்கென்று ஒரு வலி. வாயெல்லாம் ரத்த ருசி. காற்று ஓரத்தில் கசிந்தது. என்னால் ஊத முடியவில்லை.

பாட்டு நிற்கவில்லை.

என் சத்தம்தான். அதே குழைவு, மேலே போகும்போது நான் கொடுக்கிற அதே சின்ன இழுப்பு. நான் ஊதாமல் என் வாசிப்பு போய்க்கொண்டிருந்தது. எத்தனை நாளாக இப்படி? உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன். என் வாசிப்பை மட்டும் சந்தேகப்படவில்லை.

விரலை நிறுத்தினால் ஊர் பார்க்கும். ஓட்டினேன். கன்னத்தை உப்பினேன். மூச்சு விடுகிற இடத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி தோளைத் தூக்கினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கஷ்டமாக எதையும் வாசித்ததில்லை.

பாட்டு முடிந்தது. தலைவர் என் தோளில் தட்டினார். "பெரியவரே, சுத்தமான வாசிப்பு." பிறகு பெலிக்ஸ் பக்கம் திரும்பினார். "டேய், நீதான டம்மி? உன் சத்தம் ஒண்ணுகூட கேக்கல."

நான் மாஸ்டரிடம் சொன்ன அதே வார்த்தை.

பெலிக்ஸ் என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு நின்றதைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். தரையைப் பார்த்துச் சொன்னான். "ஆமாங்க. நான் புதுசுங்க. மத்தவங்கல்லாம் நெசமா வாசிக்கறவங்க. என்ன மட்டும் அனுப்பிடுங்க."

"கழட்டுடா கோட்ட."

போன்கள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. அவன் பித்தளைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தான். மாஸ்டர் வாயைத் திறந்தார், என்னைப் பார்த்தார், மூடிக்கொண்டார். நான் வாயைத் திறந்தால் பல் கீழே விழும். பல் விழுந்தால் என் இடம் போகும். மூடிக்கொண்டே இருந்தால் அவன் மானம் போகும். அடுத்த பொத்தானும் கழன்றது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

உள்ளங்கையில் துப்பினேன். பல்லோடு ரத்தமும் வந்தது. "ஐயா, அவன் டம்மி இல்ல. டம்மி நாந்தான்." பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று.

தலைவர் நம்பவில்லை. "பெரியவரே, பையனக் காப்பாத்தப் பாக்காதீங்க."

"அவனத் தனியா வாசிக்கச் சொல்லிப் பாருங்க."

திறந்த கோட்டோடு பெலிக்ஸ் கிளாரினெட்டை எடுத்தான். முதல் அடியை என் குரலில் வாசித்தான். இரண்டாவது அடியில் அதை விட்டுவிட்டான். அதன் பிறகு வந்ததுதான் அவன் குரல். அடர்த்தியாக, நேராக, எந்த இழுப்பும் இல்லாமல் இருந்தது. அத்தனை நாள் அதை மடக்கி வைத்துக்கொண்டு என் சத்தத்துக்கு அடியில் நின்றிருக்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர் முன்னால் அழுதேன், வெட்கம் தெரியவில்லை.

தலைவர் என் கையிலிருந்த பல்லைப் பார்த்தார். பிறகு என் காதோரம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"பன்னெண்டு பேருன்னு ஊருக்குச் சொல்லிட்டேன். சாமி சுத்தி வர்ற வரைக்கும் சும்மா கையில புடிச்சிக்கினு நடங்க."

டம்மியே கூடாது என்று துணியைத் துழாவிய மனுஷன். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து ஊர்வலம் முழுக்க டம்மியாக நடந்தேன்.

வழியில் பெலிக்ஸிடம் கேட்டேன். "சிம்பல்ஸ்காரரு மாங்கா துன்னாரே, உனக்கு எச்சி ஊறலியா?"

"அதுக்குத்தான் கண்ண மூடிக்கினேன் அண்ணே. நீங்க பல்ல நாக்கால தள்ளிக்கினே இருக்கறத மாஸ்டர் பாத்துட்டாரு. அண்ணன் வுட்ட எடத்த நீ புடிச்சிக்கோ, ஆனா அவருக்குத் தெரியக் கூடாதுன்னு சொல்லித்தான் நிறுத்துனாரு."

இப்போது பெலிக்ஸ் முதல் கிளாரினெட். நான் அதே செட்டில் சிம்பல்ஸ் தட்டுகிறேன். எந்த வாத்தியம் கஷ்டம் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்லும் பதில் மாறிவிட்டது. பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமல் அவனைத் தாங்கிக்கொண்டு வாசிக்கிற வாத்தியம்தான் கஷ்டம், அதில் உன் பெயருக்குக் கைதட்டல் வராது என்கிறேன். அவர்கள் போனில் பார்த்த பட்டியலில் அது இல்லை.

போன மாதம் மாஸ்டர் பெலிக்ஸ் பக்கத்தில் ஒரு புது ஆளை நிறுத்தியிருக்கிறார். விரல் நன்றாக ஓடுகிறது. நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டேன், சத்தம் கேட்கவில்லை. டம்மியாகத்தான் இருப்பான் என்று வாய் வரை வந்தது. பிறகு பெலிக்ஸ் டீக் கடையில் பிஸ்கட்டை நனைத்து நனைத்து இடது பக்கமாக மெல்வதைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து பெலிக்ஸ் மேலே ஏறுகிற இடத்திலெல்லாம் சிம்பல்ஸைக் கொஞ்சம் பலமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன்.