மூன்றாவது வரிசையில் ஒருவன்

ஐரோப்பிய நாடுகளின் கூடைப்பந்துப் போட்டி தொடங்கினால் எனக்கு இருப்புக் கொள்ளாது. மகள் லப்டொப்பைக் குசினி மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் காலை மடித்து உட்கார்ந்துவிடுவாள். நான் அவளுக்குப் பின்னால் நிற்பேன், குனிவேன், தேத்தண்ணி போடப் போவேன், கேத்தல் கொதிக்கமுதல் திரும்பி ஓடி வருவேன். "அப்பா, ஒரு இடத்தில இருங்கோவன்! பந்து அங்க போகுது, நீங்க எங்க பாக்கிறியள்?" என்று நேற்றும் ஏசினாள்.

அவள் ஏசுவது நியாயம்தான். பந்தைப் பற்றி எனக்கு ஒரு கோதாரியும் தெரியாது. குப்பைக் கூடைக்குள் கசக்கின பேப்பரை எறிந்தாலும் வெளியேதான் விழும், அப்படி ஒரு கை. நான் பார்ப்பது சனத்தை. பின்னால் வரிசை வரிசையாக இருந்து கத்துகிற சனத்தை. இந்த வருத்தத்தை எனக்குத் தொற்ற வைத்தவள் மிரேலா.

லண்டனுக்கு வந்த புதிதில் வெம்பிளிப் பக்கம் ஒரு சான்விச் தொழிற்சாலையில் வேலை. அந்த அவித்த முட்டை மணம் இருக்கிறதே, ஐயோ, குளித்தாலும் போகாது. ட்ரெயினில் என் பக்கத்துச் சீற் எப்போதும் காலியாகவே இருக்கும். ஓடுகிற பெல்ட்டுக்கு இந்தப் பக்கம் நான் தக்காளி வைப்பேன், அந்தப் பக்கம் மிரேலா சீஸ் வைப்பாள். பொஸ்னியாக்காரி. சண்டைக்குள் இருந்து தப்பி வந்தவள். என் அகதி வழக்கும் அவள் வழக்கும் குரோய்டனில் அந்தப் பெரிய கட்டடத்துக்குள் கிடந்தன. முடிவு வரும்வரை நாட்டை விட்டு அசைய ஏலாது. நாங்கள் பேசிய ஆங்கிலத்தை அப்படியே எழுதினால் இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை, ஆகையால் தமிழிலேயே சொல்லுகிறேன்.

அந்த வருஷமும் இந்தப் போட்டி வந்தது. மிரேலாவுக்குக் கை ஓடவில்லை. சீஸ் இல்லாமல் சான்விச்சுகள் என்னைத் தாண்டிப் போயின. சுப்பவைசர் வந்து கத்திவிட்டுப் போனார்.

"என்னடி, உனக்கு அவ்வளவு விளையாட்டுப் பைத்தியமோ?" என்று கேட்டேன்.

"எனக்கில்லை. என்ர தம்பிக்கு" என்றாள்.

தம்பி எமீர். சண்டை நேரம் ஒருநாள் வீட்டை விட்டு வெளிக்கிட்டவன். இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. கூடைப்பந்து என்றால் அவனுக்கு அன்னந்தண்ணி வேண்டாமாம். "உயிரோட இருந்தா எப்பிடியும் எங்கட நாடு விளையாடுற மைதானத்துக்குப் போயிருப்பான். வேலி பாய்ஞ்செண்டாலும் போயிருப்பான். எனக்குப் போக ஏலாது. ரீவியில சனத்தைக் காட்டுவாங்கள்தானே?"

நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். ரொறன்ரோவில், பாரிஸில், ஊரில் நடக்கும் கலியாண வீட்டு வீடியோ கசற் லண்டன் முழுக்க வீடு வீடாகச் சுற்றும். மாப்பிள்ளை தாலி கட்டுவதை ஓட விட்டுவிடுவோம். பந்தியில் சாப்பிடுகிற இடம் வந்ததும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம். ஆர் இருக்கினம், ஆர் தப்பியிருக்கினம் என்று. நான் தேடியது என் அண்ணையை. கொழும்புக்கு என்று பஸ் ஏறினவர், போய்ச் சேரவில்லை. எவருடையதோ கலியாணத்தில் ஒரு வாழையிலைக்கு முன்னால் அவர் குந்தியிருப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

நான் வாடகைக்கு இருந்த வீட்டில் வீடியோ டெக், பக்கத்து அறைப் பாலா அண்ணையுடையது. ரிமோட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் மனிதர், ஒருத்தரையும் தொட விடமாட்டார். விஷயத்தைச் சொன்னதும் எழும்பினார். கடைக்குப் போய்ப் புதுக் கசற் வாங்கி வந்து, மேட்சைப் பதிந்து வைத்தார். ஞாயிறு மத்தியானம் மிரேலா வந்தாள். கறிக்குப் பயந்து சோற்றை மட்டும் சாப்பிட்டாள். பிறகு மூன்று பேரும் ரீவிக்கு முன்னால் நிலத்தில் இருந்தோம்.

பந்தி பார்த்துப் பழகின கை பாலா அண்ணையின் கை. சனம் வருகிற இடமெல்லாம் அமத்தி நிறுத்தினார். "தங்கச்சி, இவனோ? இந்தத் தொப்பிக்காரனோ?" மிரேலா தலையாட்டிக்கொண்டே இருந்தாள், இல்லை, இல்லை என்று. திடீரென்று என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

மூன்றாவது வரிசை. சிவப்புச் சால்வை போட்ட ஒருவன், பக்கத்து ஆளோடு கதைத்தபடி. பிடரிதான் தெரிந்தது. பிடரியை இடது கையால் தடவினான். "எமீர் அப்பிடித்தான் தடவுறவன்" என்றாள். அவன் மெல்லத் திரும்பத் தொடங்கினான், காது தெரிந்தது, கன்னம் கொஞ்சம் தெரிந்தது, அந்த நேரம் பார்த்துப் பந்து கூடைக்குள் விழ, கமெரா அங்கே போய்விட்டது.

திருப்பிப் போட்டோம். திருப்பித் திருப்பிப் போட்டோம். படம் நடுங்கியது, கோடு கோடாக வந்தது. "இன்னும் கொஞ்சம் திரும்படா, ராசா!" என்று பாலா அண்ணை ரீவியோடு சண்டை பிடித்தார். எனக்கு உட்கார ஏலவில்லை, எழும்பி நடந்தேன். கடைசியில் டெக் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. கசற்றை இழுத்தால் ரேப் முழுக்க இடியப்பம் மாதிரி வெளியே வந்தது.

"ஒண்டுமில்லை, ஒட்டலாம்" என்று பாலா அண்ணை செலோரேப் தேடினார்.

"வேண்டாம்" என்றாள் மிரேலா. "விடுங்கோ. இனி அவன் திரும்ப மாட்டான்."

எனக்குச் சரியான கோபம். "விசரே உனக்கு? ஒட்டினா ஒருக்காவாவது வடிவாப் பாக்கலாம்."

"திரும்பினா வேற ஆரோவாத்தான் இருந்திருப்பான்" என்றாள். அந்த ரேப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பந்தாக்கி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அடுத்த நாள் சீஸ் ஒன்றுகூடத் தவறவில்லை. நான் அன்றைக்கு முழுக்க அவளோடு கதைக்கவில்லை.

தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது மாடி வீடுகள். மிரேலா எங்கே என்று தெரியாது. பாலா அண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார், டெக்கும் குப்பைக்குப் போய்விட்டது. கலியாண வீட்டைக் கசற்றில் ஆர் அனுப்புகினம்? லைவ் போடுகினம். பந்தியில் இருக்கிற ஒவ்வொரு முகமும் பளிச்சென்று தெரிகிறது, பல்லில் ஒட்டின கீரை உட்பட. அந்த நடுக்கமும் இல்லை, கோடும் இல்லை.

நேற்று மகளின் திரையில் மூன்றாவது வரிசை. நரைத்த பிடரி ஒன்று, கறுத்த தோல். ஐரோப்பியப் போட்டியில் எங்கள் ஆள் ஒருவர்! என் அண்ணைக்கும் இப்போது அந்த வயதுதான் இருக்கும். "பிள்ளை, நிப்பாட்டு, நிப்பாட்டு" என்றேன். அவள் நிறுத்தவில்லை. பந்து கூடைக்குள் விழுந்தது, அவள் துள்ளிக் குதித்தாள். பந்தைக் காட்டினாலும் இப்போதெல்லாம் கமெரா சனத்தை விட்டுப் போவதில்லை. அந்த மனிதர் ஆறுதலாக, முழுதாகத் திரும்பினார்.

வேற ஆரோ.