பக்கத்து டியூப்பையும் படித்த ஸ்கேனர்

எங்கள் லேபின் மூன்று கிளைகளுக்கும் சாமான் வாங்குவது இப்போது என் பொறுப்பு. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் "எந்த பார்கோடு ஸ்கேனர் நல்லது, மிஸ்?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

1. இரண்டு ரிப்போர்ட்

நான் புளத்கொகுபிட்டிய கிளையில் இரத்தம் எடுத்துப் பரிசோதித்துக்கொண்டிருந்த காலம், ஒரு திங்கட்கிழமை. கதவைத் திறந்ததுமே கவுன்டருக்கு முன்னால் இரண்டு பேர். ஒருவர் சவரிமுத்து, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். மற்றவர் கண்ணன், தேயிலைத் தோட்டத்து ஆள். அவருடைய மனைவி சுமதி ஏழு மாதக் கர்ப்பிணி. வெளியே த்ரீவீல் ஆட்டோவுக்குள் சாய்ந்து கிடந்தாள். சவரிமுத்துவும் சுமதியும் சனிக்கிழமை எங்களிடம் இரத்தம் கொடுத்தவர்கள்.

சவரிமுத்து ரிப்போர்ட்டை என் முன்னால் விரித்தார்.

"மிஸ், ரத்தம் ஆறுதான் இருக்குன்னு போட்டிருக்கு. வீட்டுல ஒரே அழுக. நா இப்பத்தான் மலையேறி எறங்கி வாறேன். ஆறு இருக்கிற மனுசன் மலை ஏறுவானா?"

கண்ணன் அவரை முந்திக்கொண்டார். "எங்க ரிப்போர்ட்டுல பதிமூணுன்னு இருக்குங்க மிஸ். நல்லா இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? நேத்து பைப்படியில மயங்கி விழுந்துட்டா. என்னான்னே வெளங்கலைங்க."

எனக்கும் விளங்கவில்லை. இருவருக்கும் உடனே மறுபடி இரத்தம் எடுத்து மெஷினில் போட்டேன். ஹீமோகுளோபின் சவரிமுத்துவுக்குப் பதிமூன்று. சுமதிக்கு ஆறு, இருக்க வேண்டியதில் பாதிதான்.

கண்ணன் பக்கம் திரும்பினேன். "உடனே கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, நான் ஃபோன் பண்ணிச் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். த்ரீவீல் திரும்பிப் போனது. சவரிமுத்து போகாமல் நின்றார். "அப்ப அந்தப் புள்ளையோட ரத்தமா என் பேருல வந்திச்சு?" என்று மெல்லக் கேட்டார்.

2. யார் மாற்றியது?

லேபின் சொந்தக்காரர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், சிங்களமும் தமிழும் கலந்து பேசுவார். வந்ததுமே, "ஐயோ ஸ்டெல்லா, மே மொகக்த, இது என்ன? லேபல மாத்தி ஒட்டிட்டதா?" என்று கேட்டார்.

ஃப்ரிட்ஜிலிருந்து சனிக்கிழமை டியூப்களை எடுத்துப் பார்த்தோம். லேபல் சரி. பெயரும் சரி. அதே இரத்தத்தை மறுபடி மெஷினில் போட்டால் முடிவும் சரியாக வந்தது. லேபல் மாறவில்லை, இரத்தம் மாறவில்லை, மெஷினும் பழுதில்லை. அப்படியானால் சனிக்கிழமை மாறியது எது? என் கையைத் தவிர வேறு எதுவும் மிச்சமிருப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் முறை இதுதான். டியூப்பை மெஷினில் வைப்பதற்குச் சற்று முன் அதன் பார்கோடை ஸ்கேன் செய்வோம். பீப் என்று கேட்டால் இலக்கம் மெஷினுக்குப் போய்விட்டது என்று அர்த்தம். வருகிற முடிவு அந்த இலக்கத்துக்குரிய பெயரில் அச்சாகும்.

முன்பு இருந்தது கடைகளில் பில் போடுகிற சாதாரண லேசர் ஸ்கேனர். ஒல்லியான டியூப்பில் லேபல் வளைந்திருப்பதால் லேசில் படிக்காது. மணிக்கட்டு நோகும்வரை திருப்பித் திருப்பிக் காட்ட வேண்டும். நான் முறையிட்டதால்தான் சேர் புதியது வாங்கி வந்தார். சாமான் ஸ்டோர்களில் பாவிப்பது. டூ டி என்பார்கள், ஒரு கோடாக இல்லாமல் கேமரா மாதிரி முழு லேபலையும் பார்ப்பது; தூரத்திலிருந்தே எப்படிப் பிடித்தாலும் படித்துவிடும். டியூப்களை வரிசையாகக் குத்தி வைக்கிற ராக்கிலிருந்து எடுக்கவே தேவையில்லை. சும்மா நீட்டினால் பீப். இப்படி ஒரு நல்ல சாமானா என்று எனக்கு ஒரே சந்தோஷம். அதனால் அதன் மேல் சந்தேகமே வரவில்லை.

பின்னேரம் வேறு வழி தோன்றாமல் இரண்டு டியூப்களையும் ராக்கில் பக்கத்தில் பக்கத்தில் குத்தி வைத்து, மெஷினை ஓட்டாமல் சுமதியின் டியூப்பை நோக்கி ஸ்கேனரை அழுத்தினேன். திரையில் சுமதி. மறுபடி அழுத்தினேன். சுமதி. மூன்றாம் தடவை சவரிமுத்து.

"சேர், இங்க வாங்க!"

அவர் வந்து அழுத்தினார். சுமதி. இன்னொரு தடவை, சுமதி. "ஹரி நே, சரிதானே?" என்றார். நான் வாங்கி அழுத்தினால் சவரிமுத்து. சுமதியின் டியூப்பை ராக்கிலிருந்து உருவித் தனியாகக் காட்டினேன். எத்தனை தடவை அழுத்தினாலும் சுமதி மட்டுமே.

அப்போதுதான் புரிந்தது. அந்த ஸ்கேனர் அகலமாகப் பார்க்கிறது. அதன் பார்வைக்குள் பக்கத்து டியூப்பும் விழுகிறது. எது முதலில் அகப்படுகிறதோ அதைப் படித்துவிட்டு பீப் என்கிறது. மெஷின் ஓடுகிற ஒரு சுற்றில், ஒரு தடவை போன இலக்கத்தைக் கம்ப்யூட்டர் மறுபடி ஏற்காது. ஆகவே சனிக்கிழமை சுமதியின் இரத்தம் சவரிமுத்துவின் பெயரில் போக, அடுத்து வந்த அவருடைய டியூப்புக்கு மிச்சமிருந்த சுமதியின் பெயர் போயிருக்கிறது. எந்த எச்சரிக்கையும் வராமல் இரண்டு பேர் மாறிப்போனார்கள்.

3. பெட்டாவில்

இந்தத் தடவை வாங்கப் போனது நான். கொழும்பு பெட்டா கடைத்தெருவில் ஒரு கடை முதலாளி கேட்ட கேள்விகளில் தலை சுற்றியது.

"ஒன் டியா, டூ டியா? வயரா, ப்ளூடூத்தா? எத்தன அடி தூரத்துக்கு வாசிக்கணும், தங்கச்சி?"

"தூரத்துக்கு வாசிக்கக் கூடாதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எல்லாரும் தூரம் காணாதுண்டு தான் வருவாங்க."

பையிலிருந்து ராக்கை எடுத்து மேசையில் வைத்தேன். வெறும் டியூப்களில் எங்கள் லேபல்களை ஒட்டிக் கொண்டு போயிருந்தேன். ஒன்றன்பின் ஒன்றாகப் பரீட்சித்தோம். ஒன்று வளைந்த லேபலைப் படிக்கவில்லை, இன்னொன்று பக்கத்து டியூப்பையும் சேர்த்துப் பிடித்தது. கடைசியில் மேசையில் ஸ்டாண்ட் போட்டு நிற்கிற ஒன்றை எடுத்தேன். அது அசையாது. டியூப்பைத்தான் ஒவ்வொன்றாக அதன் முகத்துக்கு முன்னால் கொண்டுபோக வேண்டும், அதுவும் கிட்டத்தில். வேலை கொஞ்சம் மெதுவாகும். பரவாயில்லை என்று சேரும் ஃபோனில் சொல்லிவிட்டார்.

கேகாலையில் சுமதிக்கு இரத்தம் ஏற்றினார்கள். பிறகு பெண் குழந்தை பிறந்து, தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்தார்கள்.

அந்த அகலப் பார்வை ஸ்கேனரில் பார்த்த எல்லோரையும் ஃபோன் பண்ணிக் கூப்பிட்டு, காசு வாங்காமல் மறுபடி இரத்தம் எடுத்தோம். இன்னும் சில ரிப்போர்ட்டுகள் மாறியிருந்தன, ஆபத்தாக ஒன்றுமில்லை. ஒருவர் மட்டும் வரவில்லை. கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார். "வந்தா சொல்றேன் மிஸ்" என்றார் அவருடைய மனைவி. பிறகு அந்த நம்பரும் வேலை செய்யவில்லை. அவருடைய ரிப்போர்ட்டில் எல்லாம் நல்லபடியாக இருந்தது. அது அவருடைய இரத்தம்தானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ஆகவே பிள்ளைகளே, ஸ்கேனர் வாங்கப் போகும்போது விலையையும் தூரத்தையும் கடைசியாகக் கேளுங்கள். நீங்கள் படிக்க வேண்டிய லேபலைக் கையோடு கொண்டு போங்கள். அதை வேலையிடத்தில் எப்படி வைப்பீர்களோ, கடையிலும் அப்படியே நெருக்கி வைத்துப் பாருங்கள். காட்டியதைப் படிக்கிறதா என்பது பாதிப் பரீட்சைதான். காட்டாததைப் படிக்காமல் விடுகிறதா என்பது மற்றப் பாதி. வாங்கி வந்த பிறகும் பீப் சத்தத்தோடு நிறுத்திவிடாதீர்கள். திரையில் வருகிற பெயரை ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு வாசியுங்கள்.