வளர்மதியின் வயிறு

வளர்மதிக்கு பஸ்ஸில் எப்போதும் இடம் கிடைத்துவிடும். அவளுடைய பெரிய எரிச்சலே அதுதான்.

சிங்கவரத்தைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் சின்ன ஊர் அவளுடையது. காலையில் செஞ்சிக்கு வரும் டவுன் பஸ்ஸில் காலேஜ் பிள்ளைகளும் கீரைக் கட்டுகளும் போக மூச்சுவிட இடம் இருக்காது. இவள் படியேறினால் போதும், யாராவது ஒருத்தி எழுந்துகொள்வாள். "உக்காரும்மா. எத்தினி மாசம்?" கேட்கிறவள் அன்பாகத்தான் கேட்பாள், அதனால் திட்டவும் முடியாது. "மாசமும் இல்ல, வருஷமும் இல்ல. நீ உக்காருக்கா" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நிற்பாள். எழுந்தவள் உட்காரமாட்டாள், இவளும் உட்காரமாட்டாள். நடுவில் எவனாவது ஒரு தடியன் வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்வான்.

நான் அமலா. செஞ்சி கடைவீதியில் வளர்மதி வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில்தான் நானும் இருக்கிறேன். அவள் புடவைப் பிரிவு, நான் பக்கத்தில் நைட்டி, உள்பாவாடை. கடை திறந்ததிலிருந்து மூடும்வரை நின்றுகொண்டேயிருப்போம். கால் வீங்கினாலும் உட்காரச் சொல்ல நாதி கிடையாது. நிற்கத் தெம்பிருக்கிற காலை நேரத்தில் ஊரே எழுந்து சீட்டுக் கொடுக்கும், கால் கடுக்கிற மத்தியானத்தில் ஒரு ஸ்டூலுக்கு வழியில்லை. இந்த உலகம் இப்படித்தான் இருக்கிறது.

வளர்மதி குண்டு இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கை, கால், முகம் எல்லாம் ஒடிசல். வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்கும். இரண்டு பிரசவமும் சிசேரியன். இரண்டாவது பிள்ளை இனியன் மாதம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தான். தொட்டுப் பார்க்கக்கூட விடவில்லை. அப்போதுதான் வேண்டிக்கொண்டாள், பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தால் ஊர்த் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறேன் என்று. பிள்ளை பிழைத்துவிட்டான். இப்போது பால்வாடிக்குப் போய் மற்ற பிள்ளைகளைக் கடித்துவைக்கிறான். வேண்டுதல்தான் அப்படியே நிற்கிறது.

முதல் வருஷம் தையல் ஆறவில்லை. அடுத்த வருஷம் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு. அதற்கடுத்து ஊரில் தகராறு, திருவிழாவே நின்றுபோனது. இதற்குள் இனியனுக்குச் சளி பிடித்தாலும் வயிற்றால் போனாலும் மாமியார் தைலம்மாள் ஒரே பாட்டைப் பாட ஆரம்பித்துவிட்டாள். "வேண்டுதல வெச்சிக்கினு இருந்தா புள்ளைக்கு எப்பிடி ஒடம்பு தேறும்?" வளர்மதி பி.காம் படித்தவள். ஆனாலும் பிள்ளையின் நெற்றி சுடும்போது காதில் இந்த வார்த்தை விழுந்தால் எந்தப் படிப்பு தாங்கும்? இந்த வருஷம் எப்படியும் மிதித்துவிடவேண்டும் என்பது அவளுக்கு உயிர்ப் பிரச்சினையாக இருந்தது.

வயிறு இறங்காததற்கும் தைலம்மாளிடம் காரணம் இருந்தது. "பெத்த ஒடனே பழைய பொடவைய இறுக்கிக் கட்டச் சொன்னேன், கேட்டியா?" அறுத்துத் தைத்த வயிற்றில் எதை இறுக்கிக் கட்டுவது? மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, வளர்மதிக்கு அதுதான் தினமும்.

போனில் வீடியோ பார்த்து உடற்பயிற்சி ஆரம்பித்தாள். வீடியோவில் ஒருத்தி, வயிற்றில் கட்டம் கட்டமாகத் தசை தெரிய, சிரித்துக்கொண்டே எழுந்து எழுந்து படுக்கிறாள். ஒரே மாதத்தில் தட்டை வயிறு என்று சத்தியம் செய்கிறாள். வளர்மதியும் வீட்டில் எல்லோரும் எழுவதற்கு முன்பு பாயில் மல்லாந்து, தலைக்குப் பின்னால் கையைக் கோத்துக்கொண்டு எழுந்தாள், படுத்தாள். கிரஞ்சஸ் என்று பேராம். இரண்டு காலையும் சேர்த்துத் தூக்கி இறக்கினாள். அவள் புருஷன் பார்த்திபன் அறுவடை மெஷின் ஓட்டுகிறவன், நல்லவன், வாயில்லாத பூச்சி. "இன்னாடி இது, புள்ளைங்க எழுந்துக்கப் போதுங்க" என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. அவள் எழும்போதெல்லாம் தொப்புளுக்கு மேலே நடுவயிறு கூரை முகடு மாதிரி கூம்பி நின்றது. போதாக்குறைக்கு இடுப்பு வலி. புடவைக் கட்டைத் தூக்கி மேல் தட்டில் வைக்க முடியாமல் ஒருநாள் அப்படியே கடைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான்தான் அவளை இழுத்துக்கொண்டு பிசியோதெரபி பார்க்கும் மகாலட்சுமியிடம் போனேன்.

மகாலட்சுமி எங்களைவிடச் சின்னப் பெண். வளர்மதியைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, தலையை மட்டும் லேசாகத் தூக்கச் சொன்னாள். தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்து அழுத்தினாள். விரல்கள் உள்ளே இறங்கின.

"வயித்துத் தச ரெண்டு பக்கமா பிரிஞ்சி நிக்குதுக்கா. மாசமா இருக்கும்போது எல்லாருக்கும் விரியும், சில பேருக்குத் திரும்பச் சேராது. நீங்க எழுந்து எழுந்து படுக்கறீங்க பாருங்க, அது இன்னும் வெளிய தள்ளும். இன்னியோட அத விட்டுடுங்க."

பிறகு அவள் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்து எனக்கே சப்பென்று போய்விட்டது. மூச்சை மெல்ல வெளியே விட்டுக்கொண்டே தொப்புளை முதுகுப் பக்கம் இழுத்துப் பிடிக்கவேண்டும். அதை விடாமல் ஒரு குதிகாலைத் தரையோடு தேய்த்து நீட்டி, மறுபடி மடக்கவேண்டும். பிறகு இடுப்பை மட்டும் பாலம் மாதிரி தூக்கி இறக்கவேண்டும். ஒரு பொட்டு வியர்வை வராது. "இதுக்காக்கா அர நாள் லீவு போட்டோம்?" என்று வளர்மதி வழியெல்லாம் என்னைத்தான் திட்டினாள்.

திட்டினாலும் செய்தாள். வெயில் போய் மழை வந்து, கார்த்திகை போய்ப் பொங்கல் வந்தது. இடுப்பு வலி எங்கே போனதென்றே தெரியவில்லை. புடவைக் கட்டுகளை ஒரே மூச்சில் தூக்கினாள். மகாலட்சுமி விரல் வைத்துப் பார்த்து, இடைவெளி நன்றாகக் குறைந்துவிட்டது, இனி பிளாங்க் செய்யலாம் என்றாள். குப்புற இருந்து, முழங்கைகளையும் கால்விரல்களையும் மட்டும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நேராக நிறுத்துவது. நடுவயிறு கூம்பினால் உடனே விட்டுவிடவேண்டும். சாப்பாட்டு நேரத்தில் கடைக் குடோனில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு அதன்மேல் செய்வாள். கொஞ்ச நேரத்தில் தோளிலிருந்து பாதம் வரை வெடவெடவென்று நடுங்கும், ஆனாலும் விடமாட்டாள்.

எல்லாம் வந்தது. வயிறு மட்டும் போகவில்லை. கொஞ்சம் உள்வாங்கியது, அவ்வளவுதான். மகாலட்சுமி பொய் சொல்லத் தெரியாதவள். "தோல் தொளதொளத்துப் போயிருக்குதுக்கா. பலம் வந்துடுச்சி. பழைய வயிறு வருமான்னா, நான் வாக்குக் குடுக்கமாட்டேன்" என்றுவிட்டாள். வளர்மதி அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டே அழுதாள்.

"பலத்த யாருக்கா பாக்கறாங்க?" என்றாள்.

திருவிழா வந்தது. அவர்கள் ஊரில் படுகளத்து அன்று, துரியோதனனைக் கொல்லும் கூத்து நடக்கிற நாள் காலையில்தான் தீ மிதிக்கிறவர்களுக்குக் காப்புக் கட்டுவார்கள், சாயங்காலம் தீமிதி. நானும் போயிருந்தேன். கோயில் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் வண்ணம் பூசிக்கொண்டு, குன்று மாதிரி வயிற்றோடு மல்லாந்து கிடந்தான். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நின்ற வளர்மதியின் முறை வந்தபோது, கோயில் தர்மகர்த்தா தேவேந்திரன் பூசாரியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"வளரு, நீ வேணாம்மா. வயித்துப் புள்ளக்காரி தீ மிதிக்கக் கூடாது. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"மாமா, எனக்கு அதெல்லாம் ஒன்னும் இல்ல."

"மொதல்ல எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க. நாளைக்கு ஒன்னு ஆச்சின்னா ஊருக்கு இல்ல கெட்ட பேரு?"

வளர்மதியின் முகம் சிவந்துவிட்டது. அத்தனை ஆம்பளைகள் நடுவில் சொல்லக் கூசியதைச் சொன்னாள். "இனியன் பொறந்தப்பவே ஆபரேசன் பண்ணியாச்சி மாமா."

"ஆபரேசன் பண்ணிக்கினவளுக்கே அனந்தபுரத்துல ஒன்னு பொறக்கல?" என்றார் தேவேந்திரன். கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது.

அவள் பார்த்திபனைப் பார்த்தாள். அவன் கால் கட்டைவிரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான். அவள் மாமியாரைப் பார்த்தாள். எல்லாம் தெரிந்த தைலம்மாள், ஆம்பளைகள் முன்னால் எப்படிப் பேசுவது என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். வேண்டுதல் வேண்டுதல் என்று வீட்டில் அரற்றிய அதே வாய். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த முந்தானையைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

வளர்மதி துரியோதனனைக் காட்டினாள். "அவனுக்கு எத்தினி மாசம்னு கேட்டீங்களா மாமா?" யாரும் சிரிக்கவில்லை. "செரி, வயித்துல புள்ள இருக்கறவ இப்பிடி இருப்பாளான்னு பாருங்க" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திடல் மண்ணில் குப்புற விழுந்து, முழங்கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி நிறுத்தினாள்.

பலகை மாதிரி நின்றாள். முதுகு நேர்க்கோடு. அவள் விடவில்லை. தோள் நடுங்க ஆரம்பித்தது. தொடை நடுங்கியது. கொண்டை அவிழ்ந்து தலைமுடி முகத்தை மறைத்துக்கொண்டு தொங்கியது. இதெல்லாம் நான் குடோனில் தினமும் பார்க்கிறதுதான். ஆனால் திடலில் இருந்தவர்கள் யாரும் எங்கள் குடோனைப் பார்த்ததில்லை.

"ஆத்தா வந்துட்டா!" என்று ஒரு பொம்பளை கூவினாள்.

குலவை கிளம்பியது. பம்பைக்காரர்கள் வெளுத்துக் கட்டினார்கள். பூசாரி வேப்பிலையோடு ஓடிவந்தார். தேவேந்திரன் தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, கை கூப்பிக் குனிந்து கேட்டார். "தாயே, இன்னா கொற, சொல்லு!"

"கொறையும் இல்ல ஒன்னும் இல்ல! வயித்துல புள்ள இல்ல!" என்று வளர்மதி பல்லைக் கடித்தபடி கத்தினாள்.

"வயித்துல புள்ள இல்லியாம்! ஆத்தாளே சொல்லிட்டா!"

அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. கைத்தாங்கலாகத் தூக்கி, நெற்றி கொள்ளாமல் விபூதி பூசினார்கள். தைலம்மாள் மருமகள் காலில் விழப் போனாள். "மாமா, இது எக்சர்சைஸு" என்று வளர்மதி ஆரம்பித்தாள், பம்பைச் சத்தத்தில் யார் காதில் ஏறும்? அவள் என் பக்கம் திரும்பினாள். கண்ணில் நெருப்பு.

"நா சொன்னப்போ நம்பலக்கா. அதே வாயிதானே? அதே வார்த்ததானே?"

"கைய நீட்டு. மொதல்ல காப்ப வாங்கு" என்றேன். நீட்டினாள். பூசாரி மஞ்சள் கயிறு கட்டினார்.

சாயங்காலம் கரகத்துக்குப் பின்னால் அவள் தீக்குழியில் இறங்கினாள். ஓடவில்லை. முதுகு வளையாமல் நடந்து, மறுகரையில் பால்குழியில் காலை வைத்தாள். அங்கேயும் ஒரு கிழவி கையைப் பிடித்து, "பாத்து தாயி, வயிறு பத்திரம்" என்றாள். வளர்மதி, பாவம், வானத்தைப் பார்த்தாள்.

வேலைக்குத் திரும்பிய அன்றே பஸ்ஸில் ஒருத்தி எழுந்து சீட்டுக் கொடுத்தாளாம். எத்தனை மாதம் என்று கேட்டாளாம். வயிறும் அப்படியே, ஊரும் அப்படியே என்று இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டம் எல்லோரையும் திட்டினோம்.

அடுத்த வாரம் ஒருநாள் அவள் வேலைக்குத் தாமதமாக வந்தாள். இனியனுக்குக் காய்ச்சல். நெருப்பாகக் கொதித்ததாம். தைலம்மாள் வழக்கம்போல் வாசற்படியில் வந்து நின்று வாயைத் திறந்தாளாம். வளர்மதி நிமிர்ந்து பார்த்தாளாம். திறந்த வாய் மூடிக்கொண்டதாம். அப்புறம் தைலம்மாளே, "பார்த்திபா, வண்டிய எடு, டாக்டராண்ட காட்டிக்கினு வந்துடலாம்" என்றாளாம். டாக்டர் தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஒரு சிரப் எழுதிக்கொடுத்து அனுப்பிவிட்டார்.

சொல்லிக்கொண்டே புடவை மடித்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எம் புள்ளைக்கு இன்னிக்குத்தாங்க்கா வெறும் காய்ச்சல் வந்துது."