பாஸ் கேட்காத வார்டு

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் நம்ப மாட்டீர்கள். ஜெர்மனியில் டாக்டருக்குப் போன் செய்தால், உடம்புக்கு என்ன என்று கேட்பதற்கு முன்பே, "அரசுக் காப்பீடா, தனியாரா?" என்று கேட்பார்கள். அரசு என்றால் பல வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. தனியார் என்றால் நாளைக் காலை. முதுகு மட்டும் இரண்டு கட்சிக்கும் ஒரே மாதிரிதான் வலிக்கிறது. சம்பளம் உயர்ந்ததும் தனியாருக்கு மாறும் தகுதி எனக்கும் வந்தது. மாறிவிட்டால் திரும்பி வருவது குதிரைக்கொம்பு. நன்றாக யோசித்து வாருங்கள் என்று காப்பீட்டு ஆலோசகர் அம்மாள் அனுப்பிவைத்தார். அதற்குள் அப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் என்று போன் வந்து, ஏற்காட்டுக்கு ஓடினேன்.

அங்கேயும் அதே வழக்கு. அப்பாவிடம் அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருந்தது. நானோ அவர் பேரில் ஒரு தனியார் பாலிசி எடுத்து வைத்திருந்தேன். எங்கள் மஞ்சக்குட்டை கிராமத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, ஏசி அறை, டிவி என்று அளந்துவிட்டேன். அப்பா கேட்டது ஒன்றுதான்.

"பாக்க வர்றவிங்க எத்தன பேரு உள்ள போலாஞ் சாமி?"

"ஒருத்தருக்குத்தானுங்கப்பா பாஸ்."

"அப்ப மத்தவிங்கெல்லாம் ஜீப்புலயே உக்காந்துட்டிருக்கறதா? நொம்ப நல்லாருக்குது போ!"

மலைக்குக் கீழே இருந்த, பாஸ் கேட்காத அரசு ஆஸ்பத்திரியே ஜெயித்தது. ஆபரேஷனுக்கு முதல் நாளே ஒரு ஜீப் நிறைய ஆட்கள், ஆரஞ்சும் ரொட்டியுமாக வந்து இறங்கினார்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்தும் கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கொள்ளாத என் மாமா, வழியெல்லாம் வாந்தி எடுத்துத் துவண்டிருந்தார். அப்பா மனமிரங்கித் தன் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரருக்கு ஆரஞ்சு உரிக்கப் போய்விட்டார். ஊசியோடு வந்த நர்ஸ் போர்வையை விலக்கினார். மாமா கண்ணைத் திறக்காமலே, "வாந்திக்குங்களா? மெதுவாப் போடுங்க தாயி" என்று இடுப்பைக் காட்டினார்.

நர்ஸ் மாமாவின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதுல பேசண்டு யாருங்க?" என்று கத்தினார். வார்டே சிரித்தது. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் மறுநாள் அப்பா சிரித்துக்கொண்டே தியேட்டருக்குள் போனார். அவர் நல்லபடியாக வெளியே வரும்வரை, பக்கத்துக் கட்டில்காரரின் சம்சாரமும் மகளும் தாங்களும் சாப்பிடாமல் எங்களோடு காத்திருந்தார்கள். முந்தின நாள் வரை அவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியாது.

ஜெர்மனிக்குத் திரும்பி வந்து, அரசுக் காப்பீட்டிலேயே இருக்கிறேன் என்று ஆலோசகரிடம் சொன்னேன்.

"தனி அறை கிடைக்குமே?" என்றார்.

"பார்க்க வருகிறவர்களுக்காகத்தான்..."

"தனி அறைக்கும் வரலாம். உங்களுக்கு எத்தனை பேர் வருவார்கள்?"

விரல்விட்டு எண்ணப் பார்த்தேன். மலையில் ஒரு ஜீப் கொள்ளாத சனம் இருக்கிறது. இந்த ஊரில் ஒரு விரல்கூட மடங்கவில்லை.

"எனக்கு யாரும் வர மாட்டார்கள். பக்கத்துக் கட்டிலுக்கு யாராவது வருவார்கள் இல்லையா? போகும்போது என்னையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள்."

என் ஜெர்மன் மொழியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்த அந்த அம்மாள், இன்னொரு முறை நிதானமாகச் சொல்லச் சொன்னார்.