அமராவதியின் கால்கள்

தெய்வாத்தாளுக்கு முதலில் சந்தேகம் வந்தது பக்கத்து வீட்டு மருதாள் மேல்தான்.

அது 1963. புருஷன் காய்ச்சலில் போன பிறகு தெய்வாத்தாள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மடிப்பு வேலைக்குச் சேர்ந்தாள். விடிந்ததும் மகள் அமராவதியை மருதாளிடம் விட்டால், பொழுது சாய்ந்துதான் திரும்புவாள். இரண்டரை வயதாகியும் குழந்தை தவழ்ந்துகொண்டுதான் இருந்தது. பிடித்து நிறுத்தினால் கால்கள் வில்லாக வளைந்தன. தூக்கினாலே சிணுங்கியது.

கீழே போட்டிருப்பாளோ? போட்டுவிட்டு மறைக்கிறாளோ? குளிப்பாட்டும்போது தடவித் தடவிக் காயம் தேடினாள். மருதாள் கொடுத்த கஞ்சியை மோந்து பார்த்தாள். அவள் சிரித்துப் பேசினால்கூட, எதை மூடி மறைக்க இந்தச் சிரிப்பு என்று தோன்றியது.

ஒருநாள் தலைவலி என்று சொல்லிவிட்டு மத்தியானமே வந்தாள். மருதாள் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. காதை வைத்துக் கேட்டாள். சத்தமில்லை. படபடவென்று தட்டினாள்.

மருதாள் திறந்தாள். ஜன்னல் இல்லாத இருட்டறை. குழந்தை பாயில் உட்கார்ந்திருந்தது.

“பட்டப்பகல்ல எதுக்குங்க்கா கதவச் சாத்தி வெச்சிருக்கறீங்க?”

“வெயில்ல உட்டா புள்ள கறுத்துப்போயிரும்னு நீதான அம்மிணி சொன்ன. தொறந்தா வாசலுக்குத் தவழ்ந்து போயிருது.”

தெய்வாத்தாள் நம்பவில்லை. குழந்தையை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். லேடி டாக்டர் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். எலும்பு புடைத்திருந்தது.

“யாரோ கீழ போட்டுட்டாங்களுங்க.”

“யாரும் போடலம்மா. எலும்புல பலமில்ல. வெயில் படுதா?”

“இந்த ஊர்ல வெயிலுக்கா பஞ்சமுங்க?”

“ஊர்ல இருக்கு. குழந்தை மேல படுதா?”

கறுத்துப்போயிரும் என்று தான் சொன்னது தெய்வாத்தாளுக்கு நினைவு வந்தது. டாக்டர் கொடுத்த மீன் எண்ணெய் மருந்தை இரண்டு நாள் தானே குடித்துப் பார்த்தபிறகுதான் மகளுக்கு ஊற்றினாள். மடிப்பு வேலையை விட்டுவிட்டு, துணி வெளுக்கிற பட்டறைக்கு மாறினாள். அங்கே திறந்த வெளியில் ஈரத்துணி காயப்போடுகிற வேலை. காலை வெயிலில் குழந்தை பக்கத்திலேயே வெற்றுடம்போடு விளையாடியது. அடுத்த தை மாதம் தானாக எழுந்து நாலடி வைத்தது.

மருதாளிடம் போய், “உங்க மேல தப்பில்லீங்க்கா” என்று சொல்ல அவளுக்கு அதற்கப்புறமும் எட்டு மாதம் ஆயிற்று. மருதாள் அரிசி புடைத்துக்கொண்டே காதில் வாங்கினாள். “ஆகட்டும்” என்றாள். உட்காரச் சொல்லவில்லை.

அமராவதி பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள். வலது கால் மட்டும் கொஞ்சம் வளைவாக நின்றுவிட்டது. வாத்தியார் அவளை நிழலில் உட்காரவைத்தார் என்று தெரிந்தால், ஏன் என்று கேட்கத் தெய்வாத்தாள் அங்கேயே போய் நிற்பாள்.